அறைக்குள் எத்தனை பேர்? பட்டாசு ஆலைக் கட்டடங்களை அளப்பது பற்றி

சிவகாசியை ஒட்டிய விஸ்வநத்தத்திலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் பட்டாசு ஆலை என்றால் நீண்ட கூரையும் புகைபோக்கியும் கொண்ட ஒற்றைக் கட்டடம் கிடையாது. மானாவாரி நிலத்தில் ஒன்றைவிட்டு ஒன்று எட்டி நிற்கும் சின்னச் சின்ன அறைகளின் கூட்டம்தான் ஆலை. மருந்து கலக்க ஓர் அறை, அதைக் குழாயிலும் சட்டியிலும் அடைக்கச் சில அறைகள், திரி வைக்கவும் பெட்டி போடவும் வேறு சில, வெயிலில் காயவைக்கத் தளங்கள், முடிந்த சரக்குக்குத் தனியாக ஒரு மேகசின். இடையில் மரங்களும் மண்மேடுகளும். இந்த அமைப்புக்குள் தெளிவான ஒரு பொறியியல் எண்ணம் இருக்கிறது: என்றைக்காவது ஓர் அறை வெடிக்கும் என்று முன்கூட்டியே வைத்துக்கொண்டு, அந்த வெடிப்பு பக்கத்து அறைக்குத் தாவாதபடி இடம் விடுவது.

அறையின் வெளிச்சுவரில் இரண்டு எண்கள் எழுதப்பட்டிருக்க வேண்டும். ஒன்று, உள்ளே எவ்வளவு மருந்து இருக்கலாம் என்பது. மற்றது, எத்தனை ஆட்கள் இருக்கலாம் என்பது. மருந்து அடைக்கும் அறையில் நான்கு பேருக்கு மேல் கூடாது என்பது இந்தப் பகுதியில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. அப்படியானால் மிக மோசமான ஒரு நாளில்கூட சாவு நான்கோடு நிற்க வேண்டும். ஆனால் விருதுநகர் மாவட்டத்தின் பெரிய விபத்துகளில் ஒரே நாளில் பத்துப் பேர், இருபது பேர், நாற்பது பேர் என்று இறந்திருக்கிறார்கள். வரைபடத்தில் சரியாக இருந்த கட்டடம் வேலை நடக்கும் நாளில் ஏன் தவறிப்போகிறது?

இந்தக் கேள்விக்குப் பதில் தேட உதவும் ஒரு துறை கட்டடக்கலையில் உண்டு. கட்டி முடித்து ஆட்கள் குடியேறிய பின் கட்டடம் எப்படி நடந்துகொள்கிறது, உள்ளே இருப்பவர்களின் உடலுக்கும் உயிருக்கும் என்ன செய்கிறது என்று ஆராயும் துறை. அது பெரும்பாலும் பல்கலைக்கழகக் கட்டடங்களில் வளர்ந்தது. அதன் கண்ணைக் கொண்டு பட்டாசு அறையைப் பார்த்தால், மருந்தின் எடையையும் அறைகளின் இடைவெளியையும் போலவே முக்கியமான மூன்றாவது ஓர் அளவு நம் ஆவணங்களில் விடுபட்டிருப்பது தெரியும். அது, எந்த நேரத்தில் எந்த இடத்தில் எத்தனை பேர் இருந்தார்கள் என்ற தலைக்கணக்கு.

விடுதியில் தொடங்கிய ஆய்வு

1960களில் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் பல மாடி மாணவர் விடுதிகளைக் கட்டியிருந்தது. கட்டுமானத்தில் குறை ஏதும் இல்லை. ஆனாலும் மாணவர்களுக்கு அவை பிடிக்கவில்லை. பலர் வெளியே வீடு பார்த்துப் போனார்கள். சிம் வான்டர் ரின், மர்ரே சில்வர்ஸ்டீன் என்ற இரு கட்டடக்கலைஞர்கள் அங்கு வசித்த மாணவர்களிடமே போய்க் கேட்டார்கள். எங்கே படிக்கிறீர்கள், எப்போது தூங்குகிறீர்கள், மேசையை நகர்த்த முடிகிறதா, தனியாக இருக்க இடம் உண்டா என்று விசாரித்தார்கள். 1967இல் வெளிவந்த அவர்களுடைய ஆய்வு, குடியேறிய பின் கட்டடத்தை மதிப்பிடும் முறைக்கு ஒரு தொடக்கப்புள்ளியாக இன்றும் சொல்லப்படுகிறது. வடிவமைத்தவர் மனத்தில் இருந்த ‘சராசரி மாணவர்’ அந்த விடுதியில் வசிக்கவே இல்லை என்பதுதான் அது சொன்ன செய்தி.

பின்னர் 1995 முதல் 2002 வரை பிரிட்டனில் ‘புரோப்’ என்ற பெயரில் ஆய்வு வரிசை ஒன்று நடந்தது. பில் போர்டாஸ், ஏட்ரியன் லீமன் உள்ளிட்ட குழுவினர் பரிசு பெற்ற, பத்திரிகைகளில் புகழப்பட்ட புதிய கட்டடங்களுக்குச் சில ஆண்டுகள் கழித்துத் திரும்பப் போய் மின்செலவை அளந்தார்கள், காற்றோட்டத்தைச் சோதித்தார்கள், உள்ளே வேலை செய்வோரிடம் கேள்வித்தாள் கொடுத்தார்கள். டி மான்ட்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் குவீன்ஸ் கட்டடம், கிழக்கு ஆங்கிலியா பல்கலைக்கழகத்தின் எலிசபெத் ஃப்ரை கட்டடம் ஆகியவையும் அவற்றில் உண்டு. வடிவமைப்பில் சொன்னதற்கும் நடப்புக்கும் இடையே பெரிய இடைவெளி இருப்பதைப் பல கட்டடங்கள் காட்டின. எலிசபெத் ஃப்ரை போலச் சில நன்றாகவே தேறின. அங்கெல்லாம் ஒரு பொதுத்தன்மை தெரிந்தது: பராமரிக்கிறவர்கள் தொடர்ந்து கவனித்தார்கள், குறை சொன்னால் உடனே சரிசெய்தார்கள்.

இந்த முறை மூன்று கேள்விகளை அடுக்குகிறது. கட்டடம் எதற்காக வடிவமைக்கப்பட்டது? இப்போது உண்மையில் எப்படிப் புழங்கப்படுகிறது? புழங்குகிறவர்கள் அதைப் பற்றி என்ன சொல்கிறார்கள்? நம் ஊர் ஆய்வுகள் பெரும்பாலும் முதல் கேள்வியோடு நின்றுவிடுகின்றன.

கிலோவும் மீட்டரும்

இந்தியாவில் பட்டாசுத் தயாரிப்பை 1884ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டமும் அதன்கீழ் வந்த 2008ஆம் ஆண்டு விதிகளும் ஆள்கின்றன. ஒரு நேரத்தில் 15 கிலோ வரை கையாளும் சிறு ஆலைக்கு மாவட்ட நிர்வாகம் உரிமம் தருகிறது. 500 கிலோ வரை என்றால் வெடிபொருள் துறையின் மண்டல அதிகாரி. அதற்கு மேல் என்றால் நாக்பூரில் இருக்கும் தலைமை அலுவலகம். உள்ளூர்ப் பேச்சில் இவை டி.ஆர்.ஓ. லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், நாக்பூர் லைசென்ஸ். மூன்றுக்கும் அடிப்படை எடைதான். எடைக்கு ஏற்ப அறைகளுக்கு இடையிலும், ஆலைக்கும் வீடு, சாலை போன்றவற்றுக்கும் இடையிலும் விட வேண்டிய தூரம் தீர்மானமாகிறது.

எடையும் தூரமும் எப்படிப் பிணைந்திருக்கின்றன என்பதற்கு வெடிப்பு இயற்பியலில் ஒரு விதி இருக்கிறது. வெடிப்பு அலையின் அழுத்தம் ஒரே அளவில் உணரப்படும் தூரம், வெடிபொருள் எடையின் கனமூலத்துக்கு ஏற்ப வளரும். அதாவது எடை எட்டு மடங்கானால் தேவைப்படும் தூரம் இரண்டு மடங்கு. எடை இரண்டு மடங்கானால் தூரம் ஏறக்குறைய கால் பங்குதான் கூட வேண்டும். இந்த விதியை ஆலைக்காரர்கள் சூத்திரமாகப் படித்திருக்காவிட்டாலும் அனுபவத்தில் அறிவார்கள். கொஞ்சம் கூடுதலாக வைத்தால் என்ன, பக்கத்து அறைக்குப் போகாது என்ற துணிச்சலில் ஓரளவு உண்மையும் இருக்கிறது.

இதே விதியை மறுபக்கமிருந்து பார்த்தால் இன்னொரு பாடம் கிடைக்கும். அறைகளுக்கு இடையிலான தூரத்தை நீளத்திலும் அகலத்திலும் இரண்டு மடங்காக்க நிலம் நான்கு மடங்கு வேண்டும். சிவகாசியைச் சுற்றி நிலம் விற்கும் விலையில் அது சாதாரணக் காரியமில்லை. அறைக்குள் ஒரு நேரத்தில் இருக்கும் மருந்தைக் குறைக்கவோ ஒரு சென்ட் நிலம்கூட வேண்டாம். அடைத்து முடித்ததை உடனுக்குடன் வெளியே எடுத்துப் போக ஓர் ஆளும், அப்படிச் செய்தால் நேரம் வீணாகிறதே என்று முணுமுணுக்காத மேலாளரும் போதும்.

ஆனால் இந்தச் சூத்திரம் எல்லாம் அறைக்கு வெளியே நிற்பவர்களுக்குத்தான். அலுமினியத் தூளும் கந்தகமும் வெடியுப்பும் சேர்ந்த கலவை பற்றிக்கொண்டால் ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். அறைக்குள் இருப்பவருக்குத் தூரம் என்று எதுவும் இல்லை. அங்கே 5 கிலோ என்றாலும் 15 கிலோ என்றாலும் முடிவில் பெரிய வித்தியாசம் இருக்காது. உள்ளே நான்கு பேரா, எட்டுப் பேரா என்பதே சாவின் எண்ணிக்கை. அறைக்கு வெளியே எடை பேசுகிறது; அறைக்குள்ளே தலைக்கணக்கு மட்டும்தான் பேசுகிறது. உரிமத்தாள், வரைபடம், தூர அட்டவணை எல்லாவற்றையும் சரிபார்க்கும் அதிகாரி, தான் வந்துபோன மறுநாள் அறைக்குள் எத்தனை பேர் இருந்தார்கள் என்பதை எங்கிருந்து தெரிந்துகொள்வார்?

நான்கு விபத்துகள், நான்கு கட்டடக் குறைகள்

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த விபத்தில் சுமார் 40 பேர் இறந்தார்கள். விதிமீறல்களுக்காக உரிமம் நிறுத்திவைக்கப்பட்ட ஆலை அது. அன்றைய சாவுகளில் ஒரு முக்கியமான கூறு, இறந்தவர்கள் எல்லோரும் அந்த ஆலையின் தொழிலாளர்கள் இல்லை என்பது. முதலில் தீப்பிடித்து வெடித்ததும் சுற்றுப்புறத்தார் உதவி செய்யவும் பார்க்கவும் ஓடிவந்தார்கள். அடுத்தடுத்து அறைகளும் சரக்கும் வெடித்தபோது அவர்களும் சிக்கினார்கள். பாதுகாப்புத் தூரத்தைக் கணக்கிட்டவர்கள் அந்த இடைவெளி காலியாக இருக்கும் என்று நம்பினார்கள். ஆபத்து நேரத்தில் ஊர்க்காரர்கள் தீயை நோக்கித்தான் ஓடிவருவார்கள் என்ற மனித இயல்பு எந்த அட்டவணையிலும் இல்லை. வேலி, வாசல், கூட்டத்தைத் தடுத்து நிறுத்தும் இடம் ஆகியவையும் ஒரு கட்டடத்தின் உறுப்புகள்தான் என்பதை முதலிப்பட்டி சொன்னது.

2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் வட்டாரத்தின் அச்சன்குளத்தில் 20க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பேன்சி ரகப் பட்டாசுக்கான மருந்தைக் கையாளும்போது ஏற்பட்ட உராய்வு காரணமாகச் சொல்லப்பட்டது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து வழக்கெடுத்து, ஓய்வுபெற்ற நீதிபதி கே. கண்ணன் தலைமையில் குழு அமைத்தது. ஆலை உள்குத்தகைக்கு விடப்பட்டிருந்தது வெளியே வந்தது. உள்குத்தகை என்பது வெறும் பணவிவகாரம் போலத் தெரியும். கட்டட ஆய்வில் அது மிக முக்கியமான தகவல். ஒரே மேலாளர், ஒரே வேலை ஒழுங்கு என்று நினைத்து வகுத்த வளாகத்தில், சில அறைகளை ஒருவரும் வேறு சில அறைகளை இன்னொருவரும் எடுத்துத் தனித்தனியாகத் தொழில் நடத்தினால், கலவை அறையின் எண்ணிக்கையும் மருந்து நடமாடும் வழியும் மாறிவிடும். முழு வளாகத்திலும் அன்றைக்கு எத்தனை பேர் என்று சொல்லக்கூடிய ஒற்றை ஆள் இருக்க மாட்டார். சுவர்கள் பழைய இடத்தில் நிற்கும், கட்டடம் வேறொன்றாகியிருக்கும்.

2016 அக்டோபர் 20 அன்று நடந்தது ஆலையில்கூட இல்லை. சிவகாசிப் புறவழிச்சாலையில் ஒரு கிட்டங்கியில் பட்டாசுப் பெட்டிகளை வண்டியில் ஏற்றும்போது தீப்பிடித்தது. புகை பக்கத்தில் இருந்த ஸ்கேன் மையத்துக்குள் புகுந்தது. பரிசோதனைக்கு வந்தவர்களும் ஊழியர்களுமாகக் குறைந்தது எட்டுப் பேர் மூச்சுத் திணறி இறந்தார்கள். பட்டாசோடு எந்தத் தொடர்பும் இல்லாத ஒரு கட்டடத்தின் காற்றுவழியும் வெளியேறும் வழியும் அன்று சோதனைக்கு உள்ளாகித் தோற்றன. குளிரூட்டிய அறைகள், மூடிய சன்னல்கள், சாலைப் பக்கம் மட்டுமே வாசல் என்று நகரில் கட்டப்படும் எந்தச் சிறு மருத்துவ மையத்துக்கும் இது பொருந்தும். வாசல் பக்கமே தீ என்றால் பின்னால் போக வழி உண்டா என்ற கேள்வியைக் கட்டட அனுமதியின்போது யாராவது கேட்க வேண்டும்.

2023 அக்டோபர் 17 அன்று ரெங்கபாளையத்தில் 13 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் பெண்கள். பட்டாசை வெடித்துச் சோதித்தபோது பறந்த பொறி, விற்பனைக்கு வைத்திருந்த சரக்கில் விழுந்தது என்பது விசாரணையில் சொல்லப்பட்டது. தீபாவளிக்கு முந்தைய வாரங்களில் ஆலையோடு ஒட்டிய கடைகளில் வாங்க வருவோர், பெட்டி போடுவோர், சரக்கு ஏற்றுவோர் எல்லோரும் ஒரே இடத்தில் நெருக்குவார்கள். விற்கும் இடம், சோதிக்கும் இடம், சேமிக்கும் இடம் ஆகிய மூன்றும் தனித்தனியாக இருக்க வேண்டியவை. அங்கே அவை ஒன்றாகிப்போயின. ஆண்டில் பத்து மாதம் பாதுகாப்பாக இருக்கும் ஒரு கட்டடம் மீதி இரண்டு மாதம் வேறு கட்டடமாகிவிடுகிறது. ஆய்வாளர் எந்த மாதத்தில் வந்தார் என்பதைப் பொறுத்தே அவர் எழுதும் அறிக்கை.

இப்படி ஊரும் ஆலையும் நெருங்கிவிடும் சிக்கல் சிவகாசிக்கு மட்டும் உரியதன்று. நெதர்லாந்தின் என்ஸ்கெடே நகரில் 2000 மே 13 அன்று ஒரு பட்டாசுக் கிட்டங்கி வெடித்து 23 பேர் இறந்தார்கள். சுமார் 400 வீடுகள் அழிந்தன. நிறுவனம் தொடங்கிய காலத்தில் ஊரின் ஓரமாக இருந்த இடத்தை வீடுகள் சூழ்ந்துகொண்டன. அனுமதித்ததைவிட அதிகமான, வலிமை கூடிய சரக்கு அங்கே இருந்ததாக அரசின் விசாரணை ஆணையம் கண்டது. அதற்குப் பின்பு பெருவிபத்து அபாயம் பற்றிய ஐரோப்பிய விதிகளே திருத்தப்பட்டன. சிவகாசி மாநகராட்சியாகி, விஸ்வநத்தம் போன்ற பக்கத்து ஊர்களில் வீடுகளும் அச்சகங்களும் கிட்டங்கிகளும் நெருங்கிக் கட்டப்படும் இன்றைய நிலையில், ஆலையைச் சுற்றி அளந்து விட்ட தூரத்தைப் பின்னர் வருகிறவர்கள் நிரப்பிவிடாமல் காப்பது யார் பொறுப்பு என்பது அவசரக் கேள்வி.

உராய்வுக்கு அப்பால்

விபத்துச் செய்திகளில் தவறாமல் வரும் காரணம் ‘உராய்வு’. அது பொய்யில்லை. சலிக்கும்போதும் அடைக்கும்போதும் உராய்வு நேர்வது இயல்பு. அதனால்தான் இரும்புக் கருவிகளுக்குத் தடை; தரையில் மின்னோட்டத்தைக் கடத்தும் ரப்பர் விரிப்பு; உடம்பில் சேர்ந்த நிலைமின்சாரத்தைக் கழிக்க வாசலில் செம்புத் தகடு; பருத்தி உடை மட்டும். மழை குறைவான, காற்று வறண்ட இந்த நிலப்பகுதியின் இயல்புதான் தீப்பெட்டித் தொழிலையும் பின்னர் பட்டாசையும் இங்கே வேரூன்ற வைத்தது. அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920களின் தொடக்கத்தில் கல்கத்தா போய்த் தீப்பெட்டி செய்யக் கற்று வந்து தொடங்கிய தொழிலுக்கு, சரக்கு எளிதில் காயும் வெயில் பெரிய துணை. அதே வறட்சிதான் நிலைமின்சாரம் சேரவும் துணை. ஆகவே சித்திரை வெயிலில் அறைக்குள் என்ன ஈரப்பதம், என்ன வெப்பம் என்பது வசதி பற்றிய கேள்வி மட்டுமில்லை. நேரடியாக உயிர் பற்றியது. வெப்பமானியும் ஈரப்பதமானியும் விலை அதிகமில்லாத கருவிகள். அறைதோறும் மாட்டி, இந்த அளவுக்கு மேல் போனால் மருந்து வேலையை நிறுத்து என்று ஒரு கோடு போடலாம்.

ஈரமும் நண்பன் இல்லை. அலுமினியத் தூள் கலந்த மருந்தில் நீர் சேர்ந்தால் மெல்லச் சூடேறும். மிச்சமான கலவையை இரவு முழுக்க வைத்திருந்து காலையில் தொடுவது ஆபத்தாவது அதனால்தான். அன்றன்றைய கலவையை அன்றன்றே தீர்க்க வேண்டும் என்ற ஒழுங்கு உண்டு. அதைக் கடைப்பிடிக்கத் தேவையானது நல்ல சுவரைவிட நல்ல வேலைத் திட்டம்: காலையில் எவ்வளவு கலப்பது, யார் எப்போது எடுத்துப்போவது, மழை வந்தால் என்ன செய்வது.

உராய்வு தீப்பொறியை விளக்கும். சாவின் எண்ணிக்கையை விளக்காது. ஓர் அறையில் ஏன் எட்டுப் பேர் இருந்தார்கள் என்று கேட்டால் பதில் கூலிமுறையில் இருக்கிறது. எண்ணிக்கைக்குக் கூலி என்றால் வேகம் கூடும். பக்கத்தில் ஓர் ஆள் எடுத்துக் கொடுத்தால் வேலை விரைவாக நகரும். தீபாவளி நெருங்கும்போது ஆர்டர் குவியும். புதிய அறை கட்ட உரிமம் வர நாளாகும். பழைய அறைக்குள் ஆள் கூடுவார்கள். அறையில் இடமில்லாவிட்டால் மரத்தடியில் வேலை நடக்கும். மரத்தடி வேலை ஆய்வுகளில் திரும்பத் திரும்பப் பிடிபடும் மீறல். ஆனால் அது கட்டடத்தைப் பற்றியும் ஒன்று சொல்கிறது: அறைக்குள் வெக்கை தாங்கவில்லை, காற்று போதவில்லை.

ஒரு சிறு கணக்குப் போடலாம். 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் நெரிசலைத் தடுக்க ஒரு தொழிலாளிக்கு 14.2 கன மீட்டர் இடம் வேண்டும் என்று வகுத்தது. நீளம், அகலம், உயரம் மூன்றும் மூன்று மீட்டர் கொண்ட ஓர் அறையை எடுத்துக்கொண்டால் அதன் கொள்ளளவு 27 கன மீட்டர். அந்த அளவுகோலின்படி இரண்டு பேருக்கே சற்றுக் குறைச்சல். வெடிப்பை மனத்தில் வைத்து எழுதிய விதி நால்வரை அனுமதிக்கிறது. மூச்சை மனத்தில் வைத்து எழுதிய விதிப்படி இருவருக்கே இடம் போதாது. ஒரே அறையை இரண்டு துறைகள் இரண்டு கண்ணால் பார்க்கின்றன. இரண்டையும் ஒரே தாளில் வைத்துப் பார்க்கும் ஆய்வு நமக்கு வேண்டும்.

ஏனென்றால் வெடிக்காத நாட்களும் உடம்பைத் தின்கின்றன. கையும் முகமும் அலுமினியத் தூளால் வெள்ளி பூத்து வெளியே வரும் தொழிலாளியின் நுரையீரலுக்குள் எவ்வளவு போயிருக்கும் என்பது எந்த விபத்துப் பட்டியலிலும் இடம்பெறாது. நாள் முழுக்கத் தரையில் குந்தியிருப்பதால் வரும் இடுப்புவலி, கழிப்பறை தூரத்தில் இருப்பதால் பெண்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்வது, கை கழுவ இடமில்லாமல் சாப்பிடுவது ஆகியவையும் கட்டடத்தின் செயல்திறனில் அடங்கும். தண்ணீர்த் தொட்டி ஐம்பது அடி தள்ளி இருக்கிறதா, இருநூறு அடி தள்ளி இருக்கிறதா என்பது ஒரு வடிவமைப்பு முடிவு. அதற்கான விலையை யாரோ ஒருவரின் சிறுநீரகம் கட்டுகிறது.

பள்ளியும் கல்லூரியும் விதிவிலக்கா?

பட்டாசு என்பதால் இந்த அபாயம் என்று நினைத்தால் தவறு. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள் இறந்தபோது அங்கே வெடிமருந்து ஏதும் இல்லை. சமையல் கூடத்துத் தீ கூரை ஓலையில் பற்றியது. ஒரே கட்டடத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட பள்ளிகள், மிதமிஞ்சிய பிள்ளைகள், குறுகிய படிக்கட்டு. இங்கேயும் பொறி ஒன்று. சாவின் எண்ணிக்கையை நிர்ணயித்தது தலைக்கணக்கும் வெளியேறும் வழியும். நீதிபதி சம்பத் ஆணையம் விசாரித்தது. பள்ளிகளில் கூரைக் கொட்டகைகள் அகற்றப்பட்டன. 2009இல் உச்ச நீதிமன்றம் அவினாஷ் மெஹ்ரோத்ரா வழக்கில், பாதுகாப்பான பள்ளிக் கட்டடம் கல்வி உரிமையின் பகுதி என்றது. ஆனாலும் 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்த பிறகுதான் மாநிலம் முழுவதும் பழைய பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடிக்கும் வேலை வேகம் பிடித்தது. இரண்டு முறையும் நாம் செய்தது, கடைசியாகக் கொன்ற பொருளைத் தேடி அகற்றுவது. கும்பகோணத்துக்குப் பின் கூரை. திருநெல்வேலிக்குப் பின் சுவர்.

சிவகாசிப் பகுதிக்கு இதில் ஒரு தனி வாய்ப்பு இருக்கிறது. 1984இல் தொடங்கிய மெப்கோ ஸ்லெங்க் பொறியியல் கல்லூரியின் பெயரிலேயே உலோகத்தூள் தொழில் இருக்கிறது. கிருஷ்ணன்கோயிலில் கலசலிங்கம் பல்கலைக்கழகம் இருக்கிறது. பட்டாசு, தீப்பெட்டி, அச்சு ஆகிய மூன்றின் உழைப்பிலும் பணத்திலும் வளர்ந்த கல்விச் சூழல் இது. கட்டடவியல், வேதிப்பொறியியல், மேலாண்மை மாணவர்கள் முதலில் தங்கள் வளாகத்தையே ஆராயலாம்: ஆய்வகத்தில் அமிலப் புட்டி எங்கே இருக்கிறது, விடுதியின் இரண்டாவது படிக்கட்டு இரவில் பூட்டியிருக்கிறதா, தேர்வுநாளில் அரங்கில் எத்தனை பேர், கடைசி வரிசை மாணவி வெளியே வர எத்தனை நொடி. தன் வகுப்பறையை அளந்து பழகியவர் ஊர் எல்லையில் இருக்கும் பட்டாசு அறையை அளக்கப் போகும்போது, தொழிலாளியைப் பார்க்கும் பார்வையும் வேறாக இருக்கும்.

எண்ணுவது எப்படி

நடைமுறைக்கு ஏற்ற ஒரு மதிப்பீடு எப்படி இருக்கலாம்? முதலாவதாக, ஆய்வு காலத்தைப் பிடிக்க வேண்டும். வேலை மந்தமான மாதம் ஒன்று, வெயில் உச்சத்தில் ஒன்று, தீபாவளிக்கு முந்தைய நெரிசலில் ஒன்று என மூன்று வருகைகளாவது வேண்டும். இரண்டாவதாக, அறைவாரியாகத் தலைக்கணக்கு. ஒவ்வோர் அறை வாசலிலும் நான்கு ஆணிகள், தொழிலாளிக்கு ஒரு வில்லை. உள்ளே போகிறவர் தன் வில்லையை மாட்டிவிட்டுப் போக வேண்டும். ஆணி காலியில்லை என்றால் அறையில் இடமில்லை. மின்சாரம் வேண்டாம், படிக்கத் தெரிய வேண்டும் என்றுகூட இல்லை. விபத்து நேர்ந்தால் யார் உள்ளே இருந்தார்கள் என்ற குழப்பமும் மீட்புப் பணியாளர்களுக்கு இருக்காது.

மூன்றாவதாக, தொழிலாளியின் வாய்ச்சொல். மருந்து அடைக்கும் பெண்ணுக்குத் தெரியாதது எதுவும் ஆய்வாளருக்குத் தெரியப்போவதில்லை. எந்த அறையில் கால் கூசுகிறது, எந்தக் கதவு மழைக்கு உப்பி இறுகுகிறது, எந்த போர்மேன் அவசரப்படுத்துகிறார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. ஆனால் அவர் வாய் திறந்தால் ஆலைக்குச் சீல், ஆலைக்குச் சீல் என்றால் வாரக்கூலி போச்சு. இந்தப் பயம் இருக்கும்வரை எந்தக் கேள்வித்தாளும் வெற்றுத்தாள்தான். விமானத்துறை இதற்கு ஒரு வழி கண்டது. தவறை, தப்பிப் பிழைத்த சம்பவத்தைத் தானே முன்வந்து சொல்கிறவரின் பெயரை மறைத்து, அதைத் தண்டனைக்குப் பயன்படுத்தாமல், பாடத்தை மட்டும் எல்லோருக்கும் பரப்புவது. கல்லூரிக் குழு ஒன்று தகவலைத் திரட்டி, ஆலைப் பெயர் இல்லாமல் மாவட்டம் முழுவதற்குமாக வெளியிட்டால் அதைத் தொடங்கலாம். உடனடி உயிராபத்து தெரிந்தால் மட்டும் நேரே அதிகாரிக்கு. நிறுத்திய நாட்களுக்குக் கூலி உண்டு என்ற உறுதியும் கூடவே வேண்டும். அது இல்லாமல் பாதுகாப்பின் செலவு முழுவதும் தொழிலாளி தலையில் விழும்.

இதற்கு எதிர்வாதம் உண்டு. நாட்டின் பட்டாசில் பத்தில் ஒன்பது பங்கைச் செய்யும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆலைகளை இப்படி ஆராய ஆள் எங்கே, பணம் எங்கே என்று கேட்பார்கள். ஏற்கெனவே வெடிபொருள் துறை, தொழிலகப் பாதுகாப்பு இயக்ககம், வருவாய்த்துறை, தீயணைப்புத்துறை, காவல்துறை என்று ஐந்து துறைகள் ஆலைக்குள் வந்துபோகின்றன. 2018இல் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளையும் சரவெடியையும் தடைசெய்தபின் தொழில் ஏற்கெனவே நெருக்கடியில் இருக்கிறது என்பார்கள் உற்பத்தியாளர்கள். இவை தள்ளிவிட முடியாத வாதங்கள். ஆனால் இங்கே கேட்பது ஆறாவது துறை ஒன்றை இல்லை. ஐந்து துறைகளின் தாள்களிலும் இல்லாத ஒரே ஒரு நிரலை. ஆணியும் வில்லையும் ஓர் ஆலைக்கு ஒரு பெட்டிப் பட்டாசின் விலைகூட ஆகாது.

இன்னொரு வாதம் கனமானது. தலைக்கணக்கு கண்டிப்பானால் வேலை உரிமமில்லாத வீடுகளுக்கும் கொட்டகைகளுக்கும் நகர்ந்துவிடும் என்பது. உண்மைதான்; வீட்டில் பட்டாசு செய்யும்போது நடக்கும் விபத்துகளும் இந்த மாவட்டம் அறிந்தவையே. அதனால்தான் எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்வதோடு கூடுதல் அறைகளுக்கான அனுமதியை விரைவுபடுத்தவும் வேண்டும். எட்டுப் பேர் வேலை செய்யத் தேவை இருந்தால் இரண்டு அறை இருக்கட்டும். அதைத் தர முடியாத அளவுக்கு நிலம் சிறிதென்றால் அந்த ஆலை எடுக்கும் ஆர்டரும் சிறிதாகட்டும்.

தொடங்கும் இடம் விபத்து அறிக்கையாகவே இருக்கலாம். இப்போது அதில் காரணம் என்ற இடத்தில் உராய்வு என்று எழுதிக் கோப்பை மூடுகிறார்கள். அதற்குக் கீழே மூன்று வரிகள் கட்டாயமாக வேண்டும்: ஒவ்வோர் அறையிலும் அனுமதிக்கப்பட்டவர்கள் எத்தனை பேர், அந்த நேரத்தில் இருந்தவர்கள் எத்தனை பேர், கூடுதலாக இருந்தவர்கள் ஏன் அங்கே இருந்தார்கள். மூன்றாவது வரிக்கு நேர்மையான பதில் எழுதத் தொடங்கினால் கூலி, குத்தகை, பருவம், நிலம், ஊரின் வளர்ச்சி எல்லாம் அந்த அறிக்கைக்குள் வந்தே ஆக வேண்டும். கட்டட ஆய்வு என்பது அந்தப் பதிலைத் தேடிப் போவதுதான்.